உப்புக் காற்றில் ஓடும் வண்டிக்கு பிளக் மாற்றுவது

வண்டி வாங்கும்போது கொடுக்கிற புத்தகத்தைப் புரட்டினால், 100 முதல் 150 சிசி வரையிலான பெரும்பாலான பைக்குகளுக்கு 10,000 அல்லது 12,000 கிலோமீட்டரில் ஸ்பார்க் பிளக்கை, அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி கொடுக்கிற பிளக்கை, மாற்றச் சொல்லியிருப்பார்கள். மதுரையிலோ திருச்சியிலோ ஓடுகிற வண்டிக்கு அந்தக் கணக்கு சரி. ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளியைத் தாண்டி மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று ஓட்டுகிறவர்களுக்கும், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று கரையை ஒட்டியே இருப்பவர்களுக்கும் அந்தக் கணக்கு மட்டும் போதாது. மண்டபத்தில் நின்றால் ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல். வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் உப்பு வண்டி மேல்தான் வந்து உட்காரும். பிளக்கின் உள்முனை, அதாவது இன்ஜினுக்குள் நெருப்புப் படுகிற பக்கம், ஓடின கிலோமீட்டருக்கு ஏற்பத் தேய்கிறது. வெளியே தெரிகிற வெள்ளைப் பீங்கானும், இரும்பு உடம்பும், மேலே மாட்டுகிற கேப்பும் வண்டி ஓடாமல் சும்மா நின்றாலும் கெட்டுப்போகும். புத்தகத்தில் இருக்கிற கிலோமீட்டர் உள்முனைக்கானது, வெளிப்பக்கத்துக்கு நாமாகத்தான் ஒரு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் இருக்கிற 100 சிசி பைக், எக்ஸ்எல் இரண்டுக்கும் பல வருடமாக நானேதான் பிளக் பார்த்து மாற்றிக்கொள்கிறேன், அக்கம்பக்கத்து வண்டிகளுக்கும் கை வைப்பதுண்டு, அதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

பிளக் போகப்போகிறது என்பதை வண்டி முன்கூட்டியே சொல்லிவிடும். காலையில் ஒரு உதையில் எடுத்த வண்டி நாலைந்து உதை கேட்கும், ஐடிலிங்கில் திடீரென்று அணையும், மைலேஜ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆனால் எங்கள் பக்கத்தில் இதைக் கண்டுபிடிக்க நல்ல இடம் பாம்பன் பாலம்தான். படகு போக வேண்டும் என்பதற்காக நடுவில் உயர்த்திக் கட்டின பாலம், ஏற்றத்தோடு எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்ளும். சமதளத்தில் ஒழுங்காக ஓடின வண்டி அங்கே ஆக்சிலேட்டரைத் திருகினதும் மிஸ்ஸிங் அடித்தால், அதாவது விட்டு விட்டு இழுத்தால், பிளக்கையோ கேப்பையோ பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. காரணம் இருக்கிறது. ஆக்சிலேட்டரை முழுதாகத் திறக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, அந்த அழுத்தத்தில் பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் தேவைப்படுகிற வோல்டேஜ் இன்னும் கூடும், அதனால் லேசாக ஓட்டும்போது தெரியாத குறை பாரம் ஏறும்போது தெரிந்துவிடுகிறது. பின்னால் ஆள் உட்கார்ந்தாலும் இதே கதைதான்.

வெயில் நாளில் நன்றாக ஓடி, மழையிலோ விடியற்காலைப் பனியிலோ மட்டும் மக்கர் பண்ணுகிற வண்டிக்கு உடனே புது பிளக் வாங்க ஓடாதீர்கள். முதலில் கேப்பைப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் எக்ஸ்எல்லில் மீன் விற்கப் போகிற அண்ணன் ஒருவர், "போன மாசந்தாம்ப்பா புது பிளக்கு மாத்துனேன், மறுபடியும் ஏழரையைக் கூட்டுது" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். இன்னும் விடியவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. "அண்ணே, தெருவிளக்குக்கு இந்தப் பக்கம் இருட்டுல நிறுத்துங்க, ஸ்டார்ட் பண்ணிட்டு லேசா ரேஸ் பண்ணுங்க" என்றேன். பிளக் கேப்புக்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவே நீல நிறத்தில் நூல் நூலாகக் கரண்ட் ஓடியது, மிஸ்ஸிங் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே பாய வேண்டிய பொறி, ஈரமான உப்புப் படிவத்தின் வழியாக வெளியிலேயே பாய்ந்துவிடுகிறது. பிளக்குக்கு வருவது ஆயிரக்கணக்கான வோல்ட், எது சுலபமான பாதையோ அதில் போய்விடும். சுத்தமான பீங்கான் கரண்டை வெளியே விடாது, உப்புத் தண்ணீர் பூசின பீங்கான் விட்டுவிடும். மீன் பெட்டியிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் முன் சக்கரம் வாரியடிக்கிற ஈர மணலும் வண்டி முழுக்கப் படிகிற உப்பைக் கூட்டிவிடுகின்றன.

வண்டியை அணைத்துக் கேப்பைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த பித்தளைக் கவ்வி பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது, ரப்பர் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு வெடிப்பு. பிளக் புதுசு போலவே இருந்தது. கேப்பைத் திருகி எடுத்து, ஒயரின் நுனியில் கறுத்துப்போயிருந்த அரை சென்டிமீட்டரை வெட்டிவிட்டு, புது கேப்பை ஒயருக்குள் நன்றாக ஏறும்வரை திருகினோம். அத்தோடு சரியாகிவிட்டது. இப்படி வெட்ட ஒயரில் கொஞ்சம் நீளம் மிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேப் இழுத்துக்கொண்டு நிற்கும். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் கேப்பின் ரெசிஸ்டன்ஸையும் அளக்கலாம், பைக் கேப்புகளில் 5 கிலோ ஓம் என்பது பரவலான அளவு. அளவு எங்கேயோ எகிறி நின்றாலோ மீட்டர் முள் அசையவே இல்லை என்றாலோ கேப்பை மாற்றிவிடுங்கள். பிளக்கை மட்டும் மாற்றி மாற்றிப் போடுவது வீண் செலவு.

சரி, பிளக்கையே கழற்ற வேண்டும் என்று முடிவாகிவிட்டது. கழற்றுவதற்கு முன்னால் செய்கிற வேலையைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு பைக்கில் தனுஷ்கோடி போய்வராதவர்களே இங்கே குறைவு. காற்றுக் காலத்தில் அந்தச் சாலையில் மணல் குறுக்கே ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மணல் பிளக் உட்கார்ந்திருக்கிற குழிக்குள்ளும் போய்ச் சேர்கிறது. அப்படியே பிளக்கைத் திருகி எடுத்தால் குழியில் கிடக்கிற மணல் நேராக சிலிண்டருக்குள் விழும். பிளக்கின் விலை நூறு ரூபாய்ச் சொச்சம், மணல் கீறிவிட்ட சிலிண்டரையும் பிஸ்டனையும் சரிசெய்ய ஆயிரக்கணக்கில் ஆகும். அதனால் இன்ஜின் நன்றாக ஆறின பிறகு கேப்பைக் கழற்றி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் சுற்றிலும் தட்டிவிட்டு, சைக்கிள் பம்பால் குழிக்குள் காற்றடியுங்கள். கண்ணுக்குள் மணல் தெறிக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பிளக்கை அரைச் சுற்று தளர்த்திவிட்டு இன்னொரு முறை காற்றடித்தால் மரையோரம் ஒட்டியிருந்ததும் வெளியே வந்துவிடும். சில வண்டிகளில் இந்தக் குழியிலிருந்து தண்ணீர் வடிய ஹெட்டில் சின்னத் துளை ஒன்று இருக்கும், மணலடைத்து அது மூடிப்போனால் மழைத்தண்ணீர் பிளக்கைச் சுற்றித் தேங்கிவிடும். ஒரு கம்பியை விட்டுக் குத்திவிட்டால் போதும்.

கேப்பைக் கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, கேப்பையே பிடித்து லேசாகத் திருகி இழுக்க வேண்டும். பிளக் பானா சரியான அளவில் இருக்கட்டும். 10 மில்லி மரை உள்ள சின்ன பிளக்குகளுக்கு 16 மில்லி பானா, 12 மில்லி மரைக்கு 18, பழைய தடிமனான 14 மில்லி மரை பிளக்குகளுக்குப் பெரும்பாலும் 21. வண்டியோடு வருகிற டூல் கிட்டில் இருக்கும் குழாய் பானாவே போதும், ஆனால் அதைச் சாய்க்காமல் நேராகப் பிடித்துத் திருப்புங்கள், சாய்ந்தால் பீங்கான் விரிசல் விட்டுவிடும். அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது, பிறகு மிஸ்ஸிங்கில்தான் தெரியும்.

திருகியும் வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். கடற்கரையில் இது அடிக்கடி நடக்கும். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துவிட்டு ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வருபவர்கள் வீட்டில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்தியிருந்த வண்டிகளில் பிளக் ஹெட்டோடு ஒட்டிப்போயிருக்கும். தார்ப்பாய் மழையைத் தடுக்கிறது, ஆனால் உப்பு ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஹெட் அலுமினியம், பிளக் உடம்பு இரும்பு, இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம் புகுந்தால் அரிப்பு பிடித்துக்கொள்ளும். கீழக்கரையில் அப்படி நின்ற ஒரு உறவினர் வண்டிக்கு, அங்கே பட்டறை வைத்திருக்கும் பெரியவரைக் கூப்பிட்டோம். (அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.) "காக்கா, பானாவுல ஒரு பைப்பை மாட்டி நல்லா அழுத்தித் திருப்பிருவோமா?" என்று கேட்டதற்கு, "அவசரப்படாதீங்க தம்பி, மரையோட சேந்து ஹெட்டும் வந்துரும். எண்ணெய் விட்டு வைங்க, ராத்திரி பூரா ஊறட்டும்" என்றார். துரு நீக்குகிற ஸ்பிரேயை பிளக் அடியில் அடித்து விட்டுவிட்டோம். மறுநாள் ஹெட்டை வெதுவெதுப்பாகச் சூடாக்கி, தளர்த்துகிற பக்கம் கொஞ்சம், இறுக்குகிற பக்கம் கொஞ்சம் என்று முன்னும் பின்னுமாக அசைத்துத் திருப்பினார், கிரீச்சென்று சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும், அதனால்தான் அந்தச் சூடு. கொதிக்கிற சூட்டில் திருப்பினால் மென்மையான அலுமினிய மரை பிய்ந்துவிடும், பிறகு லேத்தில் கொடுத்து மரைக்குள் காயில், அதாவது புது மரையாக ஒரு கம்பிச் சுருள், போட வேண்டிவரும்.

வெளியே எடுத்த பிளக்கின் முனையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இளம் பழுப்பு நிறத்தில் காய்ந்திருந்தால் இன்ஜின் நலம். விளக்குக் கரி போலக் காய்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, இல்லாவிட்டால் காற்று குறைவாகப் போகிறது. எங்கள் பக்கம் ஏர் ஃபில்டரில் மணல் அடைத்திருப்பது வழக்கம், முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். வீட்டிலிருந்து படகுத்துறைக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் சின்னச் சின்னதாக ஓடுகிற வண்டிக்கும் கரி பிடிக்கும். பிளக் முனை தன் மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ள ஏறத்தாழ 450, 500 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், அரை கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. வாரத்தில் ஒரு நாளாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீராக ஒரு அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். ஈரமாக எண்ணெய் வழிந்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கிறது, எத்தனை பிளக் போட்டாலும் அது சரியாகாது. பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லாக இருந்தால் பெட்ரோலில் ஆயில் அதிகம் கலக்கிறீர்களா என்று பார்க்கலாம். வெள்ளை வெளேரென்று, கொப்புளம் கொப்புளமாக இருந்தால் இன்ஜின் அதிகமாகச் சூடாகிறது அல்லது தப்பான பிளக் போட்டிருக்கிறார்கள், அதை அப்படியே ஓட்டக் கூடாது. இன்னொன்று, பீங்கானில் இரும்பு உடம்பையொட்டி பழுப்பாக ஒரு வளையம் தெரியும். அதைக் காட்டி கம்ப்ரஷன் லீக் என்று பயமுறுத்துவார்கள். அந்த இடத்தில் இருக்கிற மின்புலம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகளை இழுத்துப் பிடிப்பதால் வருகிற கறை அது, பிளக்குக்கு ஒன்றும் ஆகாது.

தேய்ந்த பிளக்கை உப்புத்தாளில் தேய்த்துத் திரும்பப் போடுவது எங்கள் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் உண்டு. வழியில் நின்றுவிட்டால் வீடு வந்து சேர அது உதவும், அவ்வளவுதான். கம்பி பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தால் உலோகத் துகள் உள்பீங்கானில் ஒட்டிக்கொண்டு கரண்டைக் கசியவிடும். நடு முனையின் ஓரங்கள் கூர்மையாக இருக்கும்வரை பிளக் நல்ல பிளக், உருண்டு மழுங்கிவிட்டால் சுத்தம் செய்து பயனில்லை. இரும்பு உடம்பில் துரு செதில் செதிலாகக் கிளம்பியிருந்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் மாற்றிவிடுவேன், அடுத்த முறை அது கழன்று வருமா என்பதே சந்தேகம்.

புது பிளக் வாங்கும்போது கடையில் "ஸ்பிளெண்டருக்கு ஒண்ணு" என்று கேட்காமல் பழைய பிளக்கையோ வண்டிப் புத்தகத்தையோ கையில் கொண்டுபோங்கள். பிளக்கின் மேல் இருக்கும் எழுத்தெல்லாம் சும்மா இல்லை. என்ஜிகே கம்பெனியின் சிபிஆர்8இஏ-9 என்பதை எடுத்துக்கொண்டால், முதல் 'சி' 10 மில்லி மரையைக் குறிக்கிறது, 'ஆர்' உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது என்று அர்த்தம், 8 வெப்ப எண் (பிளக் முனை சூட்டை எவ்வளவு வேகமாக வெளியே கடத்தும் என்பது), 'இ' மரையின் நீளம் 19 மில்லி, கடைசி 9 என்பது 0.9 மில்லி இடைவெளி. நீளம் மாறினால் ஆபத்து. குட்டை மரை வர வேண்டிய ஹெட்டில் நீள பிளக்கைப் போட்டால் பிஸ்டனில் இடிக்கலாம். வெப்ப எண்ணிலும் கவனம் வேண்டும். என்ஜிகேயில் எண் கூடக் கூட பிளக் குளிர்ந்த வகை, அதாவது சூட்டை வேகமாகக் கடத்துவது, பாஷ், சாம்பியன் கம்பெனிகளில் நேர்மாறு, எண் கூடினால் சூடான வகை. ஆகவே ஒரு கம்பெனி எண்ணை வைத்து இன்னொரு கம்பெனி பிளக்கை வாங்கிவிட முடியாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு பெட்ரோல் ஊசியை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது, அவற்றில் ரெசிஸ்டர் இல்லாத பிளக்கைப் போட்டால் அதன் மின் இரைச்சல் கம்ப்யூட்டரைக் குழப்பும். இரிடியம் பிளக் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். உள்முனை அதிக நாள் வரும், உண்மைதான். ஆனால் வெளி உடம்பு அதே இரும்பு, அதே உப்பு. இங்கே 100 சிசி வண்டிக்கு சாதா நிக்கல் பிளக்கை நேரத்துக்கு மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து.

மாட்டும்போது இடைவெளியை, அதை அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பெட்டிக்குள்ளேயே அடிபட்டு மாறியிருக்கலாம். வெளிமுனையை மட்டும் லேசாகத் தட்டிச் சரிசெய்ய வேண்டும், நடு முனையைத் தொடக் கூடாது. மேலே இருக்கிற சின்ன நட்டு பழைய பிளக்கில் இருந்ததா, இல்லாமல் இருந்ததா என்று பார்த்து அதே மாதிரி வையுங்கள். பிறகு பானா இல்லாமல் வெறும் கையால் திருகுங்கள், இடம் ஒடுக்கமாக இருந்தால் பிளக் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயை மாட்டித் திருகலாம், மரை மாறி ஏறினால் குழாய் வழுக்கிவிடும், ஹெட் தப்பிக்கும். கையால் முழுதும் ஏறி உட்கார்ந்த பிறகு பானாவால் அரைச் சுற்று. புது பிளக்கோடு வருகிற வாஷர் நசுங்குவதற்குத்தான் அந்த அரைச் சுற்று. பழைய பிளக்கையே திரும்பப் போடுகிறீர்கள் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும். இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் இருந்தால் 10 மில்லி மரைக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். மரையில் கிரீஸ் தடவுவது இங்கே பலருக்கும் பழக்கம், ஆனால் இப்போது வருகிற பிளக்குகளின் மரை முலாம் பூசியே வருகிறது. கிரீஸ் தடவினால் வழுக்கிக்கொண்டு அளவுக்கு மீறி இறுகிவிடும். கிரீஸ் வேண்டிய இடம் கேப்பின் ரப்பர் வாய். கடையில் கிடைக்கும் சிலிக்கான் டைஎலக்ட்ரிக் கிரீஸைப் பட்டாணி அளவு எடுத்து அதன் உள்சுற்றில் தடவினால் உப்பு ஈரம் உள்ளே போகாது. இந்த ஒன்றைச் செய்ய ஆரம்பித்த பிறகு எங்கள் வீட்டு வண்டிகள் மழையில் அணைந்துபோவது இல்லை.

பல்சர் டிடிஎஸ்-ஐ, பழைய ட்வின்ஸ்பார்க் புல்லட் வைத்திருப்பவர்கள் இரண்டு பிளக்கையும் பாருங்கள். கைக்கு எட்டுகிற ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, எட்டாததை வண்டி வாங்கின நாளிலிருந்து தொடாமல் விட்டுவிடுகிறார்கள். ஒன்று செத்தாலும் வண்டி ஓடும் என்பதால் தெரிவதும் இல்லை.

நேரம் என்று பார்த்தால், ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால், புரட்டாசிக்குள், எல்லா வண்டியின் பிளக்கையும் கழற்றிப் பார்த்துவிடுவேன். மறுபடியும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் நாட்களில். மீன் வண்டிகளில் பாதி அப்போதுதான் சும்மா நிற்கின்றன, நின்ற வண்டியில்தான் பிளக் ஒட்டும். கிலோமீட்டர் 8,000 தாண்டியிருந்தாலோ போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தாலோ மாற்றிவிடுவேன், இல்லாவிட்டால் துடைத்து அதே பிளக்கைப் போடுவேன். கழற்றின பிளக் கொஞ்சம் நல்ல நிலையில் இருந்தால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, பானாவோடு சேர்த்து சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடிச் சாலையில் அந்தி சாய்ந்த பிறகு வண்டி நின்றால் பக்கத்தில் பட்டறை கிடையாது.

கடலோரம் போய்வந்த அன்று வண்டியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், ஆனால் வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை பிளக்குக்கு நேராகப் பிடிக்கவிடாதீர்கள். கழுவின பிறகு கேப்பைக் கழற்றிப் பழைய பனியன் துணியால் பீங்கானைத் துடைத்து, ஐந்து நிமிடம் காயவிட்டுத் திரும்ப மாட்டினால் வேலை முடிந்தது.